பெயர் சொல்லாத பாட்டு

சிட்டி பாப் மோகம் இப்போதைக்கு அடங்குவதாகத் தெரியவில்லை. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் ஜப்பானில் வெளிவந்த மெல்லிசையை, அந்நாட்டு மொழியில் ஒரு சொல்கூட அறியாத இளைஞர்கள் யூடியூபில் தேடித்தேடிக் கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ரசனையோடு ஒரு வக்காலத்தும் கூடவே வந்துவிட்டது. ‘இவற்றில் பல தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒலித்தவை. ஆனாலும் ஒரு வரியிலும் சரக்கின் பெயர் இல்லை. கம்பெனிகள் பணம் கொடுத்ததோடு சரி, கலையில் கை வைக்கவில்லை’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பெயர் இல்லாததைத்தான் அந்தப் பாடல்களின் பெரிய குறையாக நெடுங்காலமாக நினைத்துவருகிறேன்.

அவை நல்ல பாடல்கள் என்பதில் ஐயமில்லை. விளம்பரப் பணம் இல்லாவிட்டால் பல பிறந்தே இருக்காது. 15 விநாடிக்குள் காதில் தைக்க வேண்டும் என்ற கட்டாயம் சில அருமையான மெட்டுகளைத் தந்திருக்கிறது. இவ்வளவும் சரி.

பெயர் சொல்லாத மரபு தொடக்கத்திலேயே இருந்ததே என்று கேட்பார்கள். இருந்தது. ஜப்பானில் தனியார் வானொலி தொடங்கிய 1951 செப்டம்பரிலேயே, தொரிரோ மிகி உருவாக்கிய ‘நான் ஓர் அமெச்சூர் கேமராக்காரன்’ ஒலித்தது. அந்நாட்டின் முதல் விளம்பரப் பாட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். பணம் கொடுத்தது ஃபிலிம் சுருள் தயாரித்த கொனிஷிரோகு. பாட்டில் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் பாட்டு யாரைப் பற்றியது? ஆசை ஆசையாகப் படமெடுத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளும் ஒருவனைப் பற்றியது. விற்க வந்த பொருள் பாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. கேட்பவர் ஏமாற வழியில்லை. அதே மிகி பிறகு நேஷனல் மின்சாதனங்களுக்கும் மிட்சுவா சோப்புக்கும் பெயர் சொல்லியே பாட்டுக் கட்டினார்.

அந்தக் காலத்து விளம்பரப் பாட்டுகளை மலிவானவை என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இதோ என்ற நகரத்து வெந்நீரூற்று விடுதியான ஹதோயாவுக்குப் பாட்டு எழுதியவர் அகியுகி நொசாகா; பின்னாளில் ‘மின்மினிகளின் கல்லறை’ கதையை எழுதியவர். விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தப் பாட்டிலேயே உண்டு. அசேய் கொபயாஷி இசையமைத்து அகிரா இதோ எழுதிய ஹிட்டாச்சி மரப் பாட்டு 1973இல் வந்தது. விளம்பரத்தில் வரும் அந்தப் பெரிய மரம் ஹவாயின் மொஅனலுவா தோட்டத்தில் நிற்கிறது. நம் சாலையோரங்களில் தூங்குமூஞ்சி மரம் என்கிறோமே, அதே இனம். பாட்டு மரத்தைத்தான் பாடுகிறது. ஆனால் திரையில் குழுமக் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக ஓடும். வேறொன்றாக வேடம் போட்டுக்கொண்டு அது எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. கொபயாஷியும் இதோவும் 2021 மே மாதத்தில் அடுத்தடுத்து மறைந்தபோது ஜப்பானியர் நினைவுகூர்ந்தது இந்தப் பாட்டைத்தான்.

எழுபதுகளில் நிலைமை மாறியது. ‘டை-அப்’ என்ற ஏற்பாடு வேரூன்றியது. விளம்பரம் இசைத்தட்டை விற்றுக் கொடுக்கும். இசைத்தட்டு சரக்கை விற்றுக் கொடுக்கும். ஷிசெய்டோ, கனேபோ என்ற இரு அழகுசாதனக் கம்பெனிகள் பருவத்துக்கொரு பாட்டோடு மோதிக்கொண்டன. 1978 கோடையில் ஷிசெய்டோவின் விளம்பர வாசகம் காலத்தை நிற்கச் சொன்னது. எய்கிச்சி யசாவாவின் பாட்டும் அதே வேண்டுகோளைத் தலைப்பாகக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் பெண்ணின் கண்களுக்கு 10,000 வோல்ட் என்று இன்னொரு வாசகம். அதுவே தகாவோ ஹொரியுச்சியின் பாட்டுக்குத் தலைப்பு. இரண்டும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. கையே வைக்கவில்லை என்கிறார்களே, பாட்டின் நெற்றியில் எழுதியிருப்பதே கம்பெனியின் வாசகம்! கடைக்குப் போய்க் காசு கொடுத்து அந்த இசைத்தட்டை வாங்கி, காதலிக்கு நினைவாகப் பாடிக் காட்டிய இளைஞன் அந்தப் பருவத்து ஒப்பனைச் சரக்குக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தான். அது அவனுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டதுதான் இந்த ஏற்பாட்டின் வெற்றி.

பெயரை விட்டதில் நடைமுறை லாபமும் இருந்தது. விளம்பரத்துக்கு இடமில்லாத பொது ஒலிபரப்பு நிறுவனம் என்எச்கே. 1978இல் மொமோயே யமகுச்சி தம் பாட்டில் வரும் ‘போர்ஷே’ என்ற சொல்லை அதன் நிகழ்ச்சியில் ‘கார்’ என்று மாற்றிப் பாட நேர்ந்தது. அந்தப் பாட்டு எந்தக் காரையும் விற்க எழுதியதல்ல. மறுபுறம், ஏயூ செல்பேசி விளம்பரத்துக்கென்றே பிறந்த ‘கடலின் குரல்’ பாட்டை நடிகர் கெந்தா கிரிதானி 2016 ஆண்டிறுதியில் அதே என்எச்கேயின் கோஹாகு பாட்டு நிகழ்ச்சி மேடையில் பாடினார். ஒரு சொல்லும் மாறவில்லை. விளம்பரமல்லாத பாட்டைத் தடுத்த வாசல் விளம்பரப் பாட்டுக்குத் திறந்தது. பெயரில்லாமை அதற்கு நுழைவுச்சீட்டு. இதைக் கலையின் அடக்கம் என்று எப்படிச் சொல்வது?

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது தட்சுரோ யமஷிதாவின் ‘கிறிஸ்மஸ் ஈவ்’. 1983இல் வெளிவந்த பாட்டு, விளம்பரத்துக்காக எழுதியதல்ல. காத்திருக்கிறவன் தனியாகவே இருக்கிறான். வர வேண்டியவள் வரப்போவதில்லை. பாட்டின் உயிர் அந்த வராமையில்தான் இருக்கிறது. 1988இல் ஜேஆர் தோகாய் ரயில் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தில் இளம்பெண் எரி ஃபுகாட்சு ஏமாற்றத்தோடு நிற்கிறார். தூணுக்குப் பின்னாலிருந்து காதலன் பரிசோடு வெளிப்படுகிறான். மறு ஆண்டு ரிஹோ மகிசே பரிசுப் பொட்டலத்தோடு நிலையத்தில் ஓடி வருகிறார். காதலன் ரயிலிறங்கி வருகிறான். அந்த டிசம்பரில் பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. அழகான படங்கள்தான். ஆனால் நடந்தது என்ன? வராதவரைப் பற்றிய பாட்டில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. துயரத்துக்குப் பயணச்சீட்டு மருந்தாயிற்று. ஒரு சொல்லைக்கூடத் தொடாமல் பாட்டின் பொருளைத் தலைகீழாக்க முடிந்ததென்றால், கம்பெனியின் பெயர் அதன் வரிகளில் எங்கும் இல்லாததே காரணம். விடுதியின் பெயரும் எண்ணும் உள்ள ஹதோயா பாட்டை யாரும் இப்படிக் கவர்ந்துகொள்ள முடியாது. பின்னர் பிறந்த தலைமுறைகளுக்கு அந்தப் பாட்டைக் கேட்டவுடன் ரயில் நிலையமும் சந்திப்புமே கண்முன் வருகின்றன. யமஷிதா பாடிய தனிமையை அவர்கள் இனி எங்கே போய்க் கேட்பார்கள்?

புரவலர் என்ற சொல்லையும் இங்கே இழுக்கிறார்கள். பாரியையும் அதியமானையும் பாடியவர்கள் பெயர் சொல்லிப் பாடினார்கள். பரிசில் பெற்றதைப் பாட்டிலேயே சொன்னார்கள். யார் யாரை எதற்காகப் புகழ்கிறார் என்று தெரிவதால் அந்தப் புகழ்ச்சியை இன்றும் நாம் எடைபோட முடிகிறது. புரவலன் ஒளிந்துகொண்ட பாட்டில் எடைபோட எதுவும் இல்லை.

பெயர் சொன்ன பாட்டெல்லாம் நல்லதா என்றால், இல்லை. 1989இல் ரீகெய்ன் என்ற ஊக்கபானத்தின் பாட்டு, 24 மணி நேரமும் போராட முடியுமா என்று அலுவலக ஊழியரைப் பார்த்துக் கேட்டது. கொடுமையான கேள்வி. ஆனால் அது சரக்கின் பெயரைச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டது. அதனால் பதில் சொல்லவும் முடிந்தது. அளவுமீறிய உழைப்பைக் கண்டிக்க வந்தவர்கள் அந்தப் பாட்டையே சான்றாகக் காட்டினார்கள். 2014இல் அதே பெயரில் வந்த பானத்தின் விளம்பரம் மூன்று நான்கு மணி நேரம் போராட முடியுமா என்று கேள்வியைக் குறைத்துக்கொண்டது. டை-அப் காதல் பாட்டுகளில் எதையாவது யாராவது இப்படி எதிர்த்துக் கேட்க முடிந்திருக்கிறதா?

சிட்டி பாப் ரசிகர்கள் கொண்டாடும் எய்ச்சி ஓதாகியே மிட்சுயா சைடருக்கு 1973இல் பாட்டுச் செய்தவர்தான். சைடர் என்ற சொல் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது; அதனால் இசை ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை. 1977இல் தம் விளம்பரப் பாட்டுகளை ‘நயாகரா சிஎம் ஸ்பெஷல்’ என்று பெயரிட்டே தொகுத்தார். யமஷிதாவும் தம்முடையவற்றை விளம்பரப் பாட்டுத் தொகுப்பு என்ற தலைப்பிலேயே வெளியிட்டிருக்கிறார். சிட்டி பாப் தொகுப்புகளை இன்று மறுபதிப்புச் செய்கிறவர்கள் ஒவ்வொரு பாட்டுக்குக் கீழும் எந்தக் கம்பெனிக்காக, எந்தச் சரக்குக்காக, எந்தப் பருவத்தில் ஒலித்தது என்று ஒரு வரி அச்சிட வேண்டும். பாடலாசிரியர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும் இடத்திலேயே, அதே எழுத்தளவில்.