நைனாவின் பதினொரு எழுத்தும் என் சைக்காலஜி புத்தகமும்

பிளஸ் ஒன்னில் காமர்ஸோடு சைக்காலஜியும் எடுத்தேன். என் பள்ளி வாழ்க்கையில் அதைவிட நல்ல முடிவு எதுவும் இல்லை என்று திருவொற்றியூர் தேரடியில் நின்று சத்தமாகச் சொல்வேன். மற்ற பாடங்களுக்கு லேப் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது. எனக்கு எண்ணூர் விரைவுச் சாலை முழுக்க லேப்!

முதலில் என்னை இழுத்துப் பிடித்தது, பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் நினைவாற்றல் பாடம். ஒரே நேரத்தில் மனசு பிடித்து வைத்துக்கொள்வது ஏழு விஷயம்தான், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். படித்ததும் நைனா ஞாபகம் வந்தது. அவர் கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். பெட்டி நம்பர் என்றால் நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம், ஆக 11. டிரெய்லர் கேட்டைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்ப்பார், நடந்து வந்து மேஜையில் உட்கார்ந்து பிசகாமல் எழுதுவார். மில்லர் கணக்குப்படி இது நடக்கக் கூடாதே!

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரை உட்கார வைத்தேன். எழுத்தும் இலக்கமும் கன்னாபின்னாவென்று கலந்த பதினொன்றை வாசித்தேன். பாதியில் தடுமாறினார். "இன்னாம்மா இது, தலையும் இல்ல, வாலும் இல்ல." அடுத்து நிஜமான பெட்டி நம்பர் ஒன்று சொன்னேன். அப்படியே திருப்பிச் சொன்னார். "எம்எஸ்கேயூன்னா மேர்ஸ்க் பொட்டி. அத தனியா எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்? மிச்சத்த மூணு மூணா புடிச்சுக்குவேன். கடேசி ஒண்ணு கட்டத்துக்குள்ள இருக்கும்."

ஆஹா! நான்கு எழுத்தும் சேர்ந்து ஒரு துண்டு. மும்மூன்று இலக்கமாக இரண்டு துண்டு. கட்டத்துக்குள் இருக்கும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. பதினொன்று நாலாகிவிட்டது! மில்லர் 'சங்க்' என்றது இதைத்தான். அவர் கட்டுரையைக் கண்ணால்கூடப் பார்க்காத நைனா, அதைத் தினமும் கேட்டில் நின்று செய்துகொண்டிருந்திருக்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்பில் குழுக்களைப் பற்றிய பாடம் இன்னும் ஒரு படி மேல். கூட்டமாக வேலை செய்யும்போது ஆளாளுக்கு உழைப்பைக் குறைத்துக்கொள்வார்களாம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனித்தனி பலத்தின் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை நம்ப முடியவில்லை. பாடத்திலேயே பதிலும் இருந்தது: தன் உழைப்பு வெளியே தெரிந்தால், வேலை தனக்கு முக்கியமாக இருந்தால், இந்த மெத்தனம் குறையும். கரைவலையில் ஒருவர் கை தளர்ந்தால் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அன்றைய பங்கும் அந்த வலையின் மடிக்குள்தான் இருக்கிறது!

மனநலக் கோளாறுகள் பாடத்தில் 'சுனாமி' என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேரிடரில் சிக்கியவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கனவு வரும், பழைய காட்சி கண்முன் ஓடும், கவனம் சிதறும், உணர்ச்சி மரத்துப்போகும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆயா, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பல வருஷம் நடுராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து கடலைப் பார்ப்பாராம். 2023-இல் அதே தேதி ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். 'சும்மா பயப்படறாங்க' என்று தெருவில் சொல்லிவிடுகிற ஒன்றுக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, அடுத்த பாடத்திலேயே சிகிச்சையும் உண்டு. எங்கள் கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

மார்க்கும் பயமுறுத்தாது. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. செய்முறையில் நிஜ மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், உளவியல் சோதனைகள் நடத்த வேண்டும், ஒருவரைப் பற்றிய கேஸ் புரொஃபைல் எழுத வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

நம் பக்கத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சைக்காலஜி இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். சி.பி.எஸ்.இ.-யில் பாட எண் 037. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் படிக்கலாம், அங்கே 328. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருந்தாலும் மிரட்டாத நடை. அட்மிஷனுக்கு அலையும் தம்பி, தங்கச்சிகளே, முதலில் நினைவாற்றல் பாடத்தைப் படியுங்கள். அன்று ராத்திரியே வீட்டில் யாரையாவது உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள்!