நின்ற ஞாயிறும் பிளந்த திங்களும்

மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள கீழவைப்பாரில் பொழுது கடலிலிருந்து எழும். அவ்வாறு சொல்லும் கடலோடியைப் பூமியின் சுழற்சி அறியாதவர் என்று எவரும் குறை கூறார். ஓடும் படகிலிருப்பவனுக்குக் கரை பின்னோடுவதாகத் தோன்றும் உவமையால் அச்சுழற்சியை ஆரியபட்டர் கி.பி. 499இலேயே விளக்கிவிட்டார்.

இச்சீமையோடு தொடர்புடைய இரு புலவர்கள் வானத்து அற்புதங்களைக் காப்பியமாக்கினர். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் பாடினார். காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவர், 1726இல் இயற்றிய தேம்பாவணியில் சோசுவன் வெற்றிப் படலம் வைத்தார். விவிலியத்தின் யோசுவா நமக்கு யூஷஃ (அலை) ஆவார். போரிட்ட ஒரு நபிக்காக வெற்றி கிட்டும்வரை சூரியன் தடுத்து நிறுத்தப்பட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். அந்நபி யூஷஃ என்பது முஸ்னது அஹ்மதில் வருகிறது. எனவே இது பிறர் வீட்டு வழக்கன்று.

பூமி சுழல்கிறதென்றால் சூரியனை நிறுத்துவதற்கு என்ன பொருள்? கலீலியோ 1615இல் எழுதிய மடலில், வேதம் பாமரர் பேச்சு வழக்கில் பேசுகிறது என்றார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அதே மடலின் இறுதியில், யோசுவாவின் அற்புதம் கோப்பர்னிக்கஸின் கொள்கைக்கே நன்கு பொருந்துகிறது என்றும் நிறுவ முற்பட்டார். வேதம் வானியல் நூலன்று என்றவரே அதை வானியல் சான்றாக்கினார்! மறு ஆண்டே திருச்சபை அக்கொள்கை நூல்களைத் தடைசெய்தது; பொதுத்தடை நீங்க 1758 ஆயிற்று. தேம்பாவணி பிறந்தது இவ்விடைக்காலத்தில்தான்.

2017இல் அறிஞர் இருவர், நிகழ்ந்தது கி.மு. 1207இன் கங்கண சூரிய கிரகணம் என்றனர். இதனால் ஹதீஸின் பொருள் விளங்காது. கிரகணம் பகலை நீட்டுவதில்லை.

இவற்றினும் இழிந்தது, நாசாவின் கணினி ‘தொலைந்த நாளை’க் கண்டதென 1970 வாக்கில் அமெரிக்கர் ஒருவர் பரப்பிய கதை. நாசா மறுத்தும் அது ஓயவில்லை. கணினி தனக்குத் தரப்பட்ட விதியின்படியே பின்னோக்கிக் கணக்கிடும். இடையில் விதி நிறுத்தப்பட்டதா என்பதைக் கணக்கு மட்டும் காட்டாது.

நகைப்பதற்கு முன் நம் மேடைகளையும் பார்ப்போம். நிலவின் அரியடேயஸ் பள்ளத்தைக் காட்டி, பெருமானார் (ஸல்) பிளந்த தழும்பு என்கிறோம். அதன் நீளம் ஏறத்தாழ 300 கி.மீ.; நிலவின் சுற்றளவோ 10,900 கி.மீ. அத்தகைய பள்ளங்கள் அங்கே பல உள. முஃஜிஸா என்பதே வழமையை முறிப்பது. வழமையை அளக்கும் கருவியிடம் அதற்குச் சான்றிதழ் கேட்பானேன்? உமறுப் புலவர் கேட்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி தஹாஃபுத்தின் முன்னுரையில் கிரகணக் கணிதத்தையே எடுத்துக்காட்டாக்கி, முறையறியாது மார்க்கத்துக்குத் துணைநிற்பவனால் விளையும் கேடு எதிர்ப்பவனால் விளைவதினும் பெரிது என்கிறார். அரியடேயஸ் படத்தைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டுமுன் அம்முன்னுரையை ஒருமுறை ஓதிவிட்டு ஒட்டலாம்.