செய்தியோடைச் சேமிப்பும் மலைநாட்டுச் செய்தியும்: மாட்டுப்பட்டியை முன்வைத்து ஒரு திறனாய்வு

நாளிதழ்ச் செய்தியைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் தமிழாய்வில் புதிதன்று. செய்தி நறுக்குகளைத் தாளில் ஒட்டி ஆண்டுவாரியாக அடுக்கிய நிலை மாறி, இணைய இதழ்களின் செய்தியோடைகளைக் கணினியில் சேமித்து, ஒரு சொல் எக்காலத்தில் எத்தனை முறை வந்தது எனக் கணக்கிடும் முறை பரவியுள்ளது. செய்தியோடை அண்மைச் செய்திகள் சிலவற்றையே தாங்குவது. புதியது வரப் பழையது கழியும். குறித்த இடைவெளியில் படியெடுத்துச் சேமித்தாலன்றிக் காலப்போக்கை அதன்வழி அறிய இயலாது. இம்முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயின் அச்சேமிப்பு அளப்பது ஓர் ஊரின் வாழ்வையா, அவ்வூர்மீது இதழ்கள் கொண்ட கவனத்தையா என்பது வினாவாகும். இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்துள்ள மாட்டுப்பட்டியைக் கொண்டு இதனை நோக்கலாம்.

முதற்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இவ்வூர் மாட்டுப்பட்டி என்றும் மாட்டுப்பெட்டி என்றும் எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இல்லை. அணையையும் படகுத்துறையையும் பற்றிய செய்திகளில் ஊர்ப்பெயர் வருகிறது. தோட்டத் தொழிலாளர் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் 'மூணாறு' என்னும் பெயருள் அடங்கிவிடுகின்றன. எனவே ஊர்ப்பெயரைத் தேடுசொல்லாகக் கொள்பவர்க்கு மாட்டுப்பட்டி ஒரு சுற்றுலாத் தலமாகவே காட்சியளிக்கும். அப்பகுதியில் திரியும் 'படையப்பா' என்னும் காட்டுயானைக்கு ஒரே பெயர் நிலைத்துவிட்டமையால் அதன் நடமாட்டத்தைச் செய்திவழித் தொடர்வது எளிது. மக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

காலக்குறிப்பு பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. மூணாற்றின் மற்றொரு புறத்தே, இராசமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு நிலச்சரிவு நேர்ந்தது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்கள் மண்ணுள் புதைந்தன. தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்தமையால் செய்தி மறுநாட்காலையிலேயே வெளியுலகை எட்டியது. ஓடையின் நேரமுத்திரை வெளியீட்டு நேரத்தைக் குறிப்பதேயன்றி நிகழ்வு நேரத்தைக் குறிப்பதன்று. உதவி எட்டாதிருந்த அவ்விரவு சேமிப்பில் பதிவாவதில்லை. அடுத்த நாள்களில் இறந்தோர் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து, காணாமற்போனோரையும் சேர்த்து 70 ஆயிற்று. ஒரே செய்தி திருத்தப்படுந்தோறும் பழைய படியின்மேல் புதியதை எழுதும் சேமிப்பில் இவ்வளர்ச்சி அழிந்துபோம். ஒவ்வொரு படியையும் தனிச்செய்தியாக எண்ணினாலோ ஒரு பேரிடர் பலவாகப் பெருகித் தோன்றும். எம்முறை கையாளப்பட்டது என்று கூறாத வரைபடத்தை நம்புதற்கில்லை.

ஆகஸ்டு 7 மாலையில் கோழிக்கோடு விமான நிலையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துக்குள்ளாகி 21 பேர் மாண்டனர். இவ்விரு செய்திகளும் ஒரே நாளின் ஓடையில் இடத்திற்குப் போட்டியிட்டன. விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாயும் கேரள அரசு அறிவித்தமை அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது. செய்தி எண்ணிக்கையைத் துயரின் அளவாகக் கொள்ளும் ஆய்வு, அறிந்தோ அறியாமலோ, இத்தகைய ஏற்றத்தாழ்வின் பக்கமே சாயும்.

மீள்பயன்பாட்டின் விளைவும் கருதத்தக்கது. மாட்டுப்பட்டி வழியாகச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையை அழித்தது 1924 சூலை வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என மக்கள் வழங்குவர். 2018 பெருவெள்ளத்தின்போது இதழ்கள் அதனைப் பலமுறை நினைவூட்டின. கணினிக்கு இரண்டும் 'வெள்ளம்' என்னும் ஒரே சொல். நினைவூட்டலை நிகழ்விலிருந்து பிரித்தறியப் படிப்பவர் ஒருவர் வேண்டும். நறுக்குகளை ஒட்டிவைத்த காலத்தில் அவ்வேலையை ஒட்டியவரே செய்தார். தமிழ் ஓடையோடு மலையாள ஓடையையும் இணைத்து, பெயர் வேறுபாடுகளைத் தொகுத்து, ஒவ்வொரு படியையும் எடுத்த நேரத்தோடு பேணினால் இக்குறைகளுட் சில நீங்கும். எட்டாத அவ்விரவை அறியப் பெட்டிமுடியில் உயிர் பிழைத்தோரிடமே செல்லவேண்டும்.