உறையும் இருக்கையும்

வாளுக்கு உறை உண்டு. தலையணைக்கும் உறை உண்டு. சொல் ஒன்றே ஆயினும் செயல் வேறு. வாளின் உறை, வாளுக்கு வேலை வந்ததும் கழற்றப்படுவது. தலையணையின் உறையோ, தலை சாயும்போதும் கழலாமல் கிடந்து, அழுக்கைத் தான் ஏற்று, துவைக்கப்பட்டு மீண்டும் வருவது. கார் இருக்கைக்குப் போடும் உறை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது? ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் புதுக் கார் வாசலுக்கு வந்த அன்றே வீட்டார் நடுவே எழும் வினா இது. வந்தது ஸ்போர்ட்ஸ் காராயின் வினா இன்னும் கூர்மை பெறும். விலை மிகுதி, இருக்கையின் அழகு மிகுதி, வாங்கியவனின் ஆசை எல்லாவற்றினும் மிகுதி. உறை வேண்டாம் என்பான் மகன். உறை போட்ட பிறகே மற்ற வேலை என்பாள் தாய். இவ்வழக்கைத் தீர்க்கப் புறநானூற்றின் 95ஆம் பாடலைச் சான்றுக்கு அழைப்பது மிகையன்று. அப்பாடலின் பொருளும் இவ்வழக்கினால் சற்றே தெளிவு பெறும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதை 'விளையாட்டுக் கார்' என மொழிபெயர்த்தால் மாணாக்கர் பொம்மைக் காரையே நினைப்பர். ஆதலின் வழக்கில் உள்ள சொல்லே இங்கு ஆளப்படுகின்றது. அக்காரின் இருக்கை, ஏனைய கார்களின் இருக்கையைப் போல உட்காருவதற்கு மட்டும் அமைந்ததன்று. ஓட்டுபவரைப் பற்றிக்கொள்வதற்கு அமைந்தது. இடுப்பின் இருமருங்கும் தோளின் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் பக்கத் திண்டுகள், வளைவில் கார் விரையும்போது வெளிப்புறம் சாயும் உடலைத் தாங்குகின்றன. அவை தாங்காவிடில் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பற்றித் தொங்க நேரும். பிறகு அதனைத் திருப்புவது எங்ஙனம்? சக்கரம் தரையில் வழுக்கத் தொடங்குவதையும் கைக்கு முன்னரே இடுப்பும் முதுகும் உணர்ந்துவிடும் என்பர் தேர்ந்த ஓட்டுநர். புரோட்டான் நிறுவனம் 1998இல் வெளியிட்ட சத்ரியா ஜிடிஐ என்னும் காரில் ரெக்காரோ இருக்கைகள் பொருத்தப்பட்டமை அணிக்காக மட்டும் அன்று. வேலுக்குக் காம்பு எப்படியோ, அவ்வகைக் காருக்கு இருக்கை அப்படி.

இனிப் பாடல். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அப்போது பாடியது இது என்று பழைய குறிப்பு கூறுகின்றது. திணை பாடாண், துறை வாண்மங்கலம். இங்குள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, திரண்ட வலிய காம்பு திருத்தம் பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற மனையில் இருக்கின்றன என்கிறார் ஔவையார். அங்குள்ளவையோ, பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, எக்காலத்தும் கொல்லனின் சிறிய பட்டறையிலேயே கிடக்கின்றன. அவற்றுக்கு உரியவன் எத்தகையவன்? உணவு இருந்தால் பிறர்க்குக் கொடுப்பவன். இல்லையாயின் இருப்பதைப் பிறரோடு சேர்ந்து உண்பவன். வறியவராகிய சுற்றத்துக்குத் தலைவன்.

வகுப்பறையில் இப்பாடல் பெரும்பாலும் வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்படுகின்றது. புகழ்வதுபோல் பழித்தார், போர் அறியாத தொண்டைமானின் செருக்கு அடங்கிற்று என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இவ்விளக்கத்தைக் கார் இருக்கைக்குப் பொருத்தினால் தீர்ப்பு நொடியில் முடியும்: உறை போடுபவர் தொண்டைமான், போடாதவர் அதியமான், மகன் வென்றான், தாய் தோற்றாள். இத்தீர்ப்பு எளிது. எளிதாக இருப்பதே ஐயத்துக்கு இடமாகின்றது. அத்தாய் தொண்டைமான் அல்லள். அவளுக்குக் காவல்மனையும் இல்லை, காட்டிப் பெருமை கொள்ளத் தூதுவரும் வந்திலர்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை அறிதல் வேண்டும். மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு தான் சே யான் என்னும் சீனப் பெருந்தனக்காரர் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாறு அங்குத் தொடங்குகின்றது என்பர். அதன்பின் பெருகிய தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு வீடு சொந்தமன்று. லயத்து வீடு நிறுவனத்துக்கு உரியது. வேலை போயின் வீடும் போகும். நட்ட மரமும் சொந்தமன்று. நின்ற நிலமும் சொந்தமன்று. ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லத்தக்கவை தூக்கிக்கொண்டு புறப்படக்கூடிய சில பொருள்களே: ஒரு ரேடியோ, ஒரு தையல் இயந்திரம், ஒரு மிதிவண்டி. ரேடியோவுக்குப் பூவேலை செய்த துணி போர்த்தப்பட்டது. தையல் இயந்திரத்துக்கு மூடி, மிதிவண்டி இருக்கைக்குக் குஞ்சம் வைத்த உறை. கடையில் வாங்கிய நாற்காலியின் பிளாஸ்டிக் தாள், தானே கிழிந்து விழும்வரை அகற்றப்படாமல் இருந்த வீடுகளும் உண்டு. இதனைக் கண்டு நகைத்தவர் பலர். நகைத்தவர்களின் வீட்டில் ரேடியோ பழுதானால் மறுநாளே பழுது பார்த்துவிட முடிந்தது. தோட்டத்திலோ, அதனைச் சுமந்து பட்டணம் போகவேண்டும். அதற்கு ஒருநாட் கூலி போகும். மழை பெய்து பால்வெட்டு நின்ற மாதமாயின் பழுது பார்க்கும் காசும் இராது.

பாடலில் இதுவரை போதிய கவனம் பெறாத இடம் இங்குத்தான் தென்படுகின்றது. ஔவையார் இரண்டு கட்டடங்களைக் காட்டுகின்றார்: ஒன்று அகன்ற மனை, மற்றொன்று கொல்லனின் சிறு பட்டறை. அதியமானின் வேல் சிதைந்தது என்பதோடு பாடல் நின்றிருந்தால் அது வெறும் அழிவைப் புகழ்ந்ததாகும். சிதைந்த வேல் பட்டறைக்குப் போயிற்று என்பதே ஔவையாரின் கூற்று. செப்பம் பெற்று மீண்டும் களம் போகும், மீண்டும் சிதையும், மீண்டும் வரும். ஆகவே இருவரும் தத்தம் கருவியைப் பேணுபவரே. தொண்டைமான் பயன்படுத்தாமலே பேணுகின்றான். அதியமான் பயன்படுத்திய பின்னர்ப் பேணுகின்றான். நெய் பூசுவதை ஔவையார் குற்றமாகச் சொல்லவில்லை. காம்பைத் திருத்துவதையும் சொல்லவில்லை. பீலியும் மாலையும் நெய்யும் யாருடைய கண்ணுக்காக என்னும் வினாவே பாடலில் உறைந்து நிற்கின்றது. தூதராக வந்தவரை அழைத்துக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்னும் குறிப்பு அதற்கு விடையாகின்றது. அக்கருவிகள் பார்வையாளருக்காக வைக்கப்பட்டவை. கண்முன் இருப்பனவற்றை அண்மைச் சுட்டாலும் தொலைவில் கிடப்பனவற்றைச் சேய்மைச் சுட்டாலும் குறிக்கும் அமைப்பும் நோக்கத்தக்கது: அழகிய படை கண்ணுக்கு எதிரே இருக்கின்றது, உண்மைப் படை கண்ணுக்குத் தெரியாத ஊரில், பட்டறையில் கிடக்கின்றது.

கொல்லன் இல்லாத ஊரில் வேலை மூடி வைப்பவனை யார் பழிப்பர்? தோட்டத்து உறை செருக்கால் வந்ததன்று. பட்டறை இன்மையால் வந்தது. பழுது நேர்ந்தால் ஈடுசெய்ய வழியில்லாதவர், பழுது நேராமல் காப்பதையே வழியாகக் கொண்டனர். அதே மக்கள், பட்டறை கைக்கு எட்டிய பொருளை மூடி வைக்கவில்லை என்பதற்குப் பால்வெட்டுக் கத்தி சான்று. கத்தி நாள்தோறும் மரத்தைத் தொட்டது. நாள்தோறும் சாணைக்கல்லில் தீட்டப்பட்டது. தேய்ந்து தேய்ந்து மெலிந்தது. அதற்குப் பூத்துணி போர்த்தியவர் எவரும் இலர். தீட்டுகல் வீட்டிலேயே இருந்தது. தீட்டும் கையும் வீட்டிலேயே இருந்தது.

தாயின் பக்கம் மற்றொரு நியாயமும் உண்டு. தோட்டங்கள் மலிந்திருந்த அலோர் காஜா மாவட்டத்தின் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் பொருத்தப்படுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து காருக்கு உரியவராகவும் ஆயினர். 'உரியவர்' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்க்கவேண்டும். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ்த் தவணையில் எடுக்கும் கார், கடைசித் தவணை தீரும்வரை கடன் கொடுத்த நிறுவனத்தின் உடைமை. தவணைக் காலம் 9 ஆண்டுவரை நீள்வதுண்டு. லயத்து வீட்டில் வாழ்ந்தவளுக்கு இது புதிதன்று: இருப்பது நம்மிடம், உரிமை வேறிடம். இன்னும் நம்முடையது ஆகாத பொருளைக் கெடுக்கலாகாது என்று அவள் எண்ணுவதில் பிழை காண்பது அரிது.

எனினும் 9 ஆண்டுகள் உறையின்மேல் அமர்ந்து, கடன் தீர்ந்ததும் உறையைக் கழற்றி, புத்தம்புது இருக்கையைக் காட்டி நல்ல விலைக்கு விற்றால், அவ்விருக்கையில் முதன்முதலாக அமர்பவர் யார்? வாங்க வந்த அயலார். உழைத்துத் தவணை கட்டியவன் உறையில் அமர்ந்தான். கட்டாதவன் இருக்கையில் அமர்கின்றான். விலை உயர்ந்ததே என்றால், உயர்ந்த தொகை எவ்வளவு, இழந்த இன்பம் எவ்வளவு என்று எடைபோடும் தராசு இல்லை. திருக்குறளில் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரம் இருப்பதை மாணாக்கர் அறிவர். அதனை விரிக்க வேண்டுவதில்லை.

போர்வை என்றதும் பேகன் நினைவுக்கு வருவான். மயிலுக்குப் போர்வை ஈந்த அவனைக் கொடைமடம் உடையவன் என்று போற்றுவது மரபு. பரணரின் 141ஆம் புறப்பாட்டு ஒரு நுட்பம் சொல்கின்றது: மயில் அதனை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று அறிந்தே ஈந்தான் என்பது அது. மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை. தோகையே அதற்குப் போர்வை. நல்ல தோலால் அமைந்த இருக்கையும் அப்படியே. தோல் என்பதே ஓர் உறைதான். உறைக்கு உறை போடுவது பேகனின் அன்பாக இருக்கலாம்; தேவை என்று சொல்லுதல் கடினம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியோ இவ்வழக்குக்கு உதவான். அவன் இருக்கையை மட்டுமன்றித் தேரையே விட்டுவிட்டு நடந்தவன்.

இப்பாடல்கள் இன்று கையில் இருப்பதும் உறையின் கதையோடு தொடர்புடையதே. ஏட்டுச் சுவடிகளைச் சட்டங்களுக்கு இடையே கட்டித் துணியால் சுற்றி வைத்தனர். சுற்றி வைத்ததோடு நின்ற வீடுகளில் ஏடுகள் செல்லரித்துப் போயின. ஏடு பழுதாகும்தோறும் புது ஓலையில் படியெடுக்கப்பட்ட நூல்களே பிழைத்தன. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது அவருக்குக் கிடைத்தவை, பல தலைமுறையினர் எடுத்துப் படித்து, சிதைந்து, படியெடுத்து வைத்தவற்றின் எச்சமே. ஔவையாரின் வேலும் அவ்வழியேதான் வந்து சேர்ந்தது.

இனி முடிவு. ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநரின் இருக்கைக்கு உறை வேண்டுவதில்லை. காரணம் அழகு மட்டும் அன்று. பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை, இருக்கையின் முதுகுப்புறத் திண்டினுள்ளேயே பொதிந்துள்ளது. மோதலின்போது தையலைப் பிளந்துகொண்டு வெளிவரவேண்டிய அதனை, அதற்கென அமைக்கப்படாத உறை தடுத்துவிடக்கூடும். உயிரைக் காக்கும் பையை மூடித் தோலைக் காப்பது எவ்வகைக் கணக்கு? வழுவழுப்பான உறையின்மேல் உடல் நழுவுவதால் பக்கத் திண்டுகளின் பயனும் குறையும். மலாக்காவின் புழுக்கத்தில் உறைக்கும் தோலுக்கும் இடையே ஈரம் தங்கிப் பூஞ்சணம் படியும். இடையில் புகுந்த மணல் தோலைத் தேய்க்கும். சாயத் துணியாயின் சாயமும் ஏறும். காக்கப் போட்ட உறை கெடுக்கவும் வல்லது.

நெய் பூசுவதை ஔவையார் பழிக்கவில்லை என்பது இங்கு உதவும். வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, தோலுக்குரிய எண்ணெய்ப் பசையை அவ்வப்போது தடவி, வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடிக்கு மறைப்பு வைத்தால் போதும். பின்னிருக்கை உள்ள காராயின், சிறு பிள்ளைகளும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஏறும் நாளில் அங்கு ஒரு துணி விரிக்கலாம். தாய் ஏறும் நாளில் அவள் தன் துண்டை விரித்துக்கொண்டு அமர்ந்தால் மகன் தடுக்கவேண்டா. இறங்கும்போது அவளே மடித்து எடுத்துக்கொள்வாள். அது வாளின் உறையைப் போல் கழலக்கூடியது.

கிழிந்தால் என் செய்வது என்று தாய் கேட்பாள். லயத்தில் விடையில்லாத கேள்வி அது. நகரத்தில் விடை உண்டு. குஷன் கடைக்குக் கொண்டுபோனால் கிழிந்த பகுதியை மட்டும் பிரித்து, அதே நிறத் தோல் வைத்துத் தைத்துத் தருவர். எந்தப் பகுதி என்று அவர்களுக்குச் சொல்லவும் வேண்டுவதில்லை. இந்நாட்டுக் கார்களில் ஓட்டுபவர் வலப்புறக் கதவின் வழியே ஏறி இறங்குபவர். ஒவ்வொரு முறையும் அவருடைய தொடை உரசுவது வலப்பக்கத் திண்டில். முதலில் தேய்வதும் அதுவே.