மூன்று பேரரசுகளும் ஒரு ஆட்டோ மீட்டரும்

அனு பிராட்ஃபோர்ட் எழுதிய 'டிஜிட்டல் எம்பயர்ஸ்' புத்தகத்தை ஒருவழியாகப் படித்து முடித்தேன். 2023இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. ஆசிரியர் பின்லாந்தில் பிறந்தவர், கொலம்பியா பல்கலையில் சட்டப் பேராசிரியர். தொழில்நுட்பத்தைக் கட்டுப்படுத்த உலகில் மூன்று வழிகள் இருக்கின்றன என்கிறார். அமெரிக்கா சந்தையை நம்புகிறது, சீனா அரசை நம்புகிறது, ஐரோப்பா மக்களின் உரிமையை முன்வைக்கிறது. இதில் அமெரிக்க வழியின் செல்வாக்கு தேய்ந்துகொண்டு வருகிறது, ஐரோப்பிய வழி பரவுகிறது என்பது அவர் வாதம்.

இதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. 2018இல் ஜிடிபிஆர் அமலுக்கு வந்தபோது சென்னையில் உட்கார்ந்திருந்த நாங்களும்தான் டேட்டாபேஸைக் குடைந்து, எதை எத்தனை நாள் வைக்கலாம், எதை அழிக்கணும் என்று பட்டியல் போட்டோம். பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்துக்கு இங்கே சனிக்கிழமை வேலை! அவர் சொல்வது சரிதான்.

எனக்கு உறுத்தியது வேறு. நூம்பலுக்கு வடக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, தெற்கே மவுண்ட்-பூந்தமல்லி ரோடு. பஸ் அந்த இரண்டு ரோட்டிலும் போகும். நடுவில் குடியிருக்கும் நமக்கு, வண்டி எடுக்காத நாளில், ஆட்டோதான் கதி. ஆட்டோவை வைத்து இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் மூன்று வழிகளும் குழம்பிப் போகின்றன.

சென்னையில் ஆட்டோ கட்டணத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67 மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. கொஞ்ச நாள் மீட்டரும் ஓடியது, நானே போயிருக்கிறேன். அப்புறம் பெட்ரோல் 75 ரூபாய் அளவிலிருந்து 100ஐத் தாண்டிப் போனது. கட்டணம் நின்ற இடத்திலேயே நின்றது. மீட்டர் செத்தது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் பொறுக்க முடியாமல் தாங்களே 50 ரூபாய், கி.மீ.க்கு 18 ரூபாய் என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கி.மீ. பயணத்துக்கு 2013 விதிப்படி 123 ரூபாய், சங்கத்தின் கணக்கில் 198. இடையில் இருக்கும் 75 ரூபாய்க்குத்தான் தினமும் தெருமுனையில் பேரம்.

இந்த நிலைமையில்தான் ஓலாவும் ஊபரும் வந்தன. பிராட்ஃபோர்டின் கட்டத்தில் ஊபர் அமெரிக்க வழியின் குழந்தை. அந்த ஊர் வரலாறும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டாம் என்பதற்காக 2020இல் 'ப்ராப் 22' வாக்கெடுப்பில் இந்த கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஜெயித்தன. ஆனால் சென்னைக்காரன் ஆப்பை விரும்பியதற்குக் காரணம் சுதந்திரச் சந்தை மேல் இருந்த காதல் அல்ல. ஏறும் முன்பே விலை தெரியும், பேசவேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவைத் தனியாக ஏற்றிவிட்டால் வண்டி எங்கே போகுதுன்னு போனில் பார்க்கலாம். இதெல்லாம் ஒரு ஐரோப்பிய நகரத்தில் முனிசிபாலிட்டி உரிமம் கொடுத்த டாக்ஸி தரவேண்டியது. அரசு எழுதி வைத்துவிட்டுக் கைவிட்ட ஒழுங்கை, அங்கே ஒழுங்கை உடைக்க வந்த கம்பெனி இங்கே கொண்டுவந்தது. புத்தகத்தின் மூன்று பெட்டியில் இதை எதில் போடுவது?

பிராட்ஃபோர்டுக்கு அமலாக்கம் என்ற பிரச்சினை தெரியாமல் இல்லை. ஐரோப்பா சட்டம் போடுகிறது, நடத்திக்காட்டத் திணறுகிறது என்று அவரே எழுதுகிறார். ஆனால் அங்கே எதிராளி பண பலமுள்ள கம்பெனி. இங்கே விதியைப் பட்டினி போட்டது விதியை எழுதிய கையே. பன்னிரண்டு வருஷம் ஒரு எண்ணைத் திருத்தாமல் விட்டால் போதும், யாரும் லாபி செய்யத் தேவையில்லை.

சரி, அப்போ ஆப் காப்பாற்றியதா? அதுவும் இல்லை. ஆட்டோவுக்கு கமிஷன் எடுப்பதை விட்டுவிட்டு ஓட்டுநரிடம் சந்தா வாங்கும் முறைக்கு ஆப்கள் ஒவ்வொன்றாக மாறின. 2025 பிப்ரவரியில் ஊபரும் மாறியது. இனி திரையில் தெரியும் தொகை ஒரு யோசனை மட்டும்தான், பணம் நேராக ஓட்டுநருக்கு, நாங்கள் வெறும் சாஃப்ட்வேர் என்ற நிலை. பார்சிலோனா டாக்ஸிக்காரர்கள் போட்ட வழக்கில் 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நிராகரித்தது ஏறக்குறைய இதே வாதத்தைத்தான். நீ இடைத்தரகன் மட்டுமல்ல, நீ செய்வது போக்குவரத்துச் சேவை என்று அது சொன்னது. நம் ஊரில் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க ஒரு உயிருள்ள விதி இல்லை.

ஓட்டுநருக்கு சந்தா முறை நல்லதுதான், அதை மறுக்கமாட்டேன். நாள் முழுக்க ஓட்டி, கால்வாசியைக் கமிஷனாகக் கொடுத்தவருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் பேரம் திரும்பி வந்துவிட்டது. போன வாரம் வேலப்பன்சாவடியில் வந்து நின்ற ஆட்டோக்காரர் என் போனைக்கூடப் பார்க்கவில்லை. "ஆப்புல எவ்ளோ காட்டுது சார்? அதுக்கு மேல முப்பது ரூபா போட்டுக் குடுங்க, உள்ளாற ரோடு சரியில்ல." ரோடு சரியில்லை என்பது உண்மை. நானும் கொடுத்தேன்.

இதில் வேடிக்கை ஷேர் ஆட்டோ. சட்டப்படி காண்ட்ராக்ட் வண்டி வழியில் ஆளை ஏற்றி இறக்கிப் போகக் கூடாது. பூந்தமல்லி ரோட்டில் நாள் முழுக்க நடப்பது அதுதான். ஆனால் எந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு என்று ஏறுகிறவர் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேரம் பேசுவதில்லை. சில்லறை இல்லை என்று மட்டும் சண்டை வரும், ஜிபே வந்தபிறகு அதுவும் குறைந்துவிட்டது.