காப்பாளர் பெயர்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் நிச்சயம். அதனால் பையில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன். பிரித்து நாலு பக்கம் போயிருக்காது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"சார், இந்த பாரத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இவன எழுதச் சொன்னா அடிச்சு அடிச்சு எழுதுறான்."

அறுபதைத் தாண்டிய அம்மா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பேரன். வாங்கி எழுத ஆரம்பித்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி.

"எந்த ஊரும்மா?"

"கருணாபுரம்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதுவரை கள்ளக்குறிச்சிக்குள் ஒரு தெருப் பெயராக இருந்த கருணாபுரம் அந்த வாரம் நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது.

அடுத்த வரி: 'தந்தை / காப்பாளர் பெயர். பொருந்தாததை அடிக்கவும்.'

பேனா அங்கே நின்றுவிட்டது. என்ன எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பையிலிருந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் புத்தகமே இந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

'குட்நைட் மிஸ்டர் டாம்'. மிஷெல் மகோரியன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி 1981-ல் வந்த நாவல். சிறுவர்களுக்கானது என்று அலமாரியில் வைத்திருப்பார்கள். நம்பாதீர்கள். பெரியவர்களைத்தான் அதிகம் அழவைத்திருக்கிறது. மறு வருஷமே 'கார்டியன்' பத்திரிகையின் சிறுவர் இலக்கியப் பரிசு. 1998-ல் ஜான் தா நடித்துத் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

கதை சுருக்கமாக. 1939 செப்டம்பர். ஹிட்லரின் குண்டுகள் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று லண்டன் குழந்தைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். இது நிஜம். செப்டம்பர் 1-ம் தேதி தொடங்கி மூன்றே நாளில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் பெரும்பகுதி பள்ளிக் குழந்தைகள். தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, சட்டையில் பெயர்ச் சீட்டு. கிராமத்தில் யார் வீட்டில் இடமிருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார்கள். ஒரு குழந்தை என்றால் வாரத்துக்குப் பத்தரை ஷில்லிங் அரசாங்கம் தரும்.

அப்படி வந்து சேர்கிறவன் வில்லியம். எட்டு வயது. உடம்பெல்லாம் காயம். அவன் அம்மா கொடுத்தனுப்பிய பையில் ஒரு பெல்ட்டும் இருக்கிறது, பையன் தப்புப் பண்ணினால் அடிப்பதற்கு. பக்திமானாக இருப்பவர் வீட்டிலோ, சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டிலோதான் அவனை விட வேண்டும் என்று அம்மாவின் நிபந்தனை. சர்ச்சுக்குப் பக்கத்து வீடு டாம் ஓக்லியுடையது. அறுபது வயது தாண்டிய கிழவர். மனைவியையும் பச்சைக் குழந்தையையும் 40 வருஷத்துக்கு முன் பறிகொடுத்து, ஒரு நாயைத் தவிர யாரோடும் ஒட்டாமல் வாழ்கிறவர்.

இனி என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிழவருக்குப் பையன், பையனுக்குக் கிழவர். நாம் நூறு படங்களில் பார்த்ததுதான். ஆனால் மகோரியன் அதை எப்படிச் செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் ரொம்ப நாள் வரை கிடையாது. முதல் ராத்திரி பையன் கட்டிலில் படுக்கத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். தினம் படுக்கையை நனைக்கிறான். கிழவர் ஒரு வார்த்தை பேசாமல் தினம் விரிப்பைத் துவைத்துப் போடுகிறார். பூட்ஸ் வாங்கித் தருகிறார். எழுத்துச் சொல்லித் தருகிறார். பையனுக்குப் படம் வரைவதில் ஆசை என்று தெரிந்ததும், மனைவி போன பிறகு வாசல் மிதிக்காத வர்ணக் கடைக்குள் நுழைகிறார். ஒரு நாள் காலையில் படுக்கை காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். அதுதான் இந்த நாவலின் கிளைமாக்ஸ் என்று நான் சொல்வேன். பாசம் என்பது பெரும்பாலும் துவைத்து உலர்த்துகிற வேலைதான் என்று இவ்வளவு அடக்கமாகச் சொன்ன புத்தகங்கள் குறைவு.

இதைப் படிக்கும்போது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. சென்னையிலும் இது நடந்திருக்கிறது தெரியுமா? 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி கிளம்பி, அரசாங்க அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. கூண்டை உடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று மிருகக்காட்சி சாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிராமங்களுக்கு ஓடினார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதை 'இவாகேஷன்' என்பார்கள். பல நாள் அது ஏதோ பண்டிகையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. தாத்தாவால் உத்தியோகத்தை விட்டு நகர முடியவில்லை. அப்பாவை மட்டும் ரயிலேற்றி விழுப்புரத்தில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாகத் தியாகதுருகத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. கோபக்காரி என்று பெயர். அந்த அத்தை வீட்டில் அப்பா இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவுதான். ஆனால் எண்பது வயதிலும் அவர் பேச்சில் பாதி தியாகதுருகம்தான். மலைக்கோட்டை, அத்தை அரைத்த பொட்டுக்கடலைத் துவையல், ராத்திரி திண்ணையில் அத்தை முந்தானைக்குள் படுத்தது.

பயம் தணிந்ததும் தாத்தா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மெட்ராஸ் வந்து ஒரு மாசம் அப்பா யாரோடும் பேசவில்லையாம். அத்தை? அவள் என்ன ஆனாள் என்று யாரும் சொன்னதில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்திருப்பாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு மகோரியனோடு சண்டை.

நாவலில் வில்லியமை அவன் அம்மா லண்டனுக்குத் திரும்ப அழைக்கிறாள். அங்கே அவனையும் ஒரு கைக்குழந்தையையும் மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கடிதம் வரவில்லையே என்று டாம் நாயோடு லண்டன் போய்த் தேடிக் கண்டுபிடிக்கிறார். குழந்தை செத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பையனை விடுதிக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், டாம் ராத்திரியோடு ராத்திரியாக அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறார். கொஞ்ச நாளில் அம்மா தற்கொலை செய்துகொண்டதாகச் செய்தி. டாம் பையனைத் தத்தெடுத்துக்கொள்கிறார். கடைசியில் அவன் வாயிலிருந்து 'அப்பா' வருகிறது.

கண்ணீர் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூடி வைத்துவிட்டு யோசித்தால் ஒரு சௌகரியம் உறுத்துகிறது. டாம் அப்பாவாக வேண்டும் என்பதற்காகவே அந்த அம்மாவைப் பூரண ராட்சசியாக்கி, பிறகு சாகவும் அடித்திருக்கிறார் ஆசிரியர். அவள் ஏன் இப்படி ஆனாள், அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்க நாவலுக்கு நேரமில்லை. நிஜத்தில் வெளியேற்றப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பிப் போனவர்கள். குண்டு விழாததால் 1940 ஜனவரிக்குள்ளேயே ஏராளமானோர் ஊர் திரும்பிவிட்டார்கள். போர்க்காலத்தில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஆனா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்காமும், பல குழந்தைகளுக்குக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பெரிய அடி என்று எழுதினார்கள். ஆக, எழுதக் கடினமான கதை இது: திரும்பிப் போக நல்ல வீடு இருக்கிறது, ஆனாலும் விட்டுவந்த வீடு மனசை விட்டுப் போகவில்லை. இரண்டு பேரையும் நேசிக்கும் குழந்தை. அந்தக் கதையை மகோரியன் எழுதவில்லை.

தமிழில் அதன் அருகே போனவர் மணிரத்னம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தின் அமுதா, ராமேஸ்வரத்தில் ஓர் ஈழத்து அகதித் தாய் பெற்றுவிட்டுப் போன குழந்தை. ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை தெரிகிறது. வில்லியமுக்குக் கடைசியில் கிடைக்கும் சொல், அமுதாவிடமிருந்து முதலிலேயே பறிக்கப்படுகிறது. அவள் பெற்றவளைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, வளர்த்தவளிடம் திரும்புகிறாள். இங்கே யாரும் ராட்சசி இல்லை. போகிறவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. என் குறை, படம் போரைக் கொஞ்சம் அழகாகக் காட்டிவிட்டது என்பதுதான்.

மூன்றாவது உதாரணம் 2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் எடுத்தது, ஆனால் படத்தில் பெரும்பாலும் தமிழ்தான் பேசுகிறார்கள். எழுத்தாளர் ஷோபாசக்தி கதாநாயகன். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் தப்பிக்க ஓர் ஆண், ஒரு பெண், ஒன்பது வயதுச் சிறுமி தேவை. முகாமில் அநாதையாக நிற்கும் இளையாளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் யாழினி. அம்மா, அப்பா என்பது இங்கே அதிகாரிகள் முன் சொல்ல வேண்டிய பொய். பிரான்ஸின் ஒரு புறநகர்க் குடியிருப்பில் அந்தப் பொய் மெல்ல மெல்லப் பாதி உண்மையாகிறது. முழு உண்மை ஆவதற்குள் படம் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறது, அது வேறு வருத்தம். ஆனால் சொல் முதலில், பாசம் பிறகு என்ற அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்தது. வாழ்க்கையில் பாதி உறவுகள் அப்படித்தானே? யாரோ சொல்லிக்கொடுத்து 'சித்தி' என்கிறோம். பிறகுதான் அவர் சித்தி ஆகிறார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், சினிமாச் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் வழியில் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்பதை 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. அந்த முகாம்களில் எத்தனை வில்லியம்கள், எத்தனை இளையாள்கள் வளர்ந்தார்களோ.

கருணாபுரத்தில் நடந்தது போர் அல்ல. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் பிள்ளைகள் அப்பாவை, சிலர் அம்மாவையும் சேர்த்து இழப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், இருவரையும் இழந்திருந்தால் 5 லட்சம் வைப்புத் தொகை, படிப்புச் செலவு என்று அரசு அறிவித்தது. அந்தக் காலத்துப் பத்தரை ஷில்லிங். தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் விரிப்பைத் துவைப்பது யார்? பெரும்பாலும் ஒரு பாட்டி.

ஒரு வேடிக்கை. டாம் ஓக்லி இன்று இந்தியாவில் இருந்தால் வில்லியமைத் தத்தெடுக்க முடியாது. 2022 விதிமுறைப்படி 8 வயதுக்கு மேற்பட்ட குழந்தையைத் தனியாள் தத்தெடுக்க அதிகபட்ச வயது 55. உறவுக்குள் என்றால்தான் இந்த வரம்பு இல்லை. பாட்டிக்குச் சட்டம் வழிவிடுகிறது. முழங்கால்தான் வழிவிட வேண்டும்.

புத்தகத்தைப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பத்து வயதுக்கும் கொடுங்கள். கடைசி அத்தியாயத்தில் அழுத பிறகு, 'அந்த அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறாய்?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஊரே குடிகாரன் என்று சொன்ன அப்பாவை நேசிக்கும் பையன்கள் உண்டு. சனிக்கிழமை பரோட்டா வாங்கிவந்ததும் அதே அப்பாதான். அந்தப் பையனுக்கு இந்த நாவலில் இடமில்லை. அவனுக்கு ஒரு நாவலை யாராவது தமிழில் எழுத வேண்டும்.

வங்கிக்கு வருகிறேன். "அம்மா, இதுல அப்பா, காப்பாளர்னு ரெண்டு போட்டிருக்கு. ஒண்ண அடிக்கணும். எத அடிக்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டேன். பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் காது இங்கேதான் இருந்தது.

அந்த அம்மா பேரனை ஒரு தரம் பார்த்தார்.

"எதையும் அடிக்காதீங்க சார். அவன் இல்லன்னாலும் அவன்தான இவனுக்கு அப்பன். ரெண்டு பேரையும் எழுதுங்க."

கட்டம் சின்னது. நுணுக்கி நுணுக்கி இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.