தொப்பியும் படிக்கட்டும்
லாரல், ஹார்டி நடித்த ‘ஹேட்ஸ் ஆஃப்’ (1927) படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடைப்பதில்லை. மிஞ்சியிருப்பவை சில புகைப்படங்கள். சலவை இயந்திரம் விற்கக் கிளம்பிய இருவரும் லாஸ் ஏஞ்சலஸின் நெடும் படிக்கட்டில் அதைச் சுமந்து ஏறுகிறார்கள். சுமப்பதுபோல் நடிப்பது லேசான வேலையா? முழங்கால் கொஞ்சம் மடங்க வேண்டும், தோள் ஒருபக்கம் சரிய வேண்டும். தொப்பியோ, விழவேண்டிய நொடியில்தான் விழ வேண்டும். விழுந்தால் இவர் தொப்பி அவர் தலையில்! அதைக் கழற்றி, உற்றுப் பார்த்து, துளியும் பதறாமல் மாற்றிக்கொள்ளும் பொறுமை இருக்கிறதே, அதை அவர்களின் மற்ற படங்களில் ஆசைதீரப் பார்த்திருக்கிறேன்.

அதே படிகளில் 1932-இல், ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்தில், பியானோ ஏறியது. அதன் தந்திகள் அதிரும்போதெல்லாம், அடியில் மெல்லியதாக, ஒரு சலவை இயந்திரம் படியில் ‘டங்’கென்று இடிபடுவது எனக்குக் கேட்கும்.